நண்டுக் குடம்

அத்தியாயம் 17

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் திருவொற்றியூர் விம்கோ நகர், பழைய ஆலைத் தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றபோது வரிசையில் நாற்பத்தொரு குடங்கள் இருந்தன.

நாற்பத்தொன்றும் நீலம். ஒரே அச்சில் வார்த்தவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவின் பழைய குடங்களெல்லாம் மிதந்து போனபின் நிவாரணமாக வந்து இறங்கியவை. எது யாருடையது என்று வரிசையில் தினம் சண்டை வந்ததால் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பூவம்மா வீட்டுக் குடத்துக்கு மூன்று சிவப்புக் கோடு. சாலமன் வீட்டுக்குச் சிலுவை. கன்னியம்மா தாமரை போடலாம் என்று மஞ்சள் பெயின்ட்டும் பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். இதழ்களெல்லாம் கால்களாக நீண்டு, நடுவில் இரண்டு சொட்டு கண்போல விழுந்து, கடைசியில் வந்து நின்றது நண்டு.

தாமரைதான் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். தெரு ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் மகள் கார்குழலி நண்டுக் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். தெருவுக்கு அவள் கொயலி.

"இன்னா கொயலி, இன்னிக்குமா நீ தண்ணிக்கு வருவ? சாங்காலம் விசேசத்த வெச்சிகினு?" என்றாள் பூவம்மா.

"அது விசேசமாக்கா?"

"சரி, வாய் தவறிச்சு. வுடு."

குடம் நிரம்பும்வரை கார்குழலி தெருவின் கிழக்கு முனையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. கடலை ஒட்டிய அந்தச் சுவரில் மூன்று சுவரொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. மூன்றிலும் அவள் தம்பி செங்குட்டுவன், கறுப்புக் கோட்டும் டையுமாக. அவன் பிறந்ததிலிருந்து கோட் போட்டதில்லை. டிசைன் போட்டவர் கம்ப்யூட்டரில் யாருடைய கோட்டையோ எடுத்து அவன் கழுத்துக்குக் கீழே பொருத்தியிருந்தார். இந்தப் பக்கத்தில் இறந்தவர்கள் கோட்டு சூட்டோடுதான் சுவரேறுவார்கள்.

இறந்தவன் என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பதினெட்டு மாதம் முன்பு, 2023 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, வேலைக்கு என்று கிளம்பிய செங்குட்டுவன் வேலைக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் மறுநாள் கடலோரத்துக் கருங்கல் குவியலின் பக்கத்தில் கிடைத்தது. பெட்டிக்குள் செல்போன். சாவி வண்டியிலேயே. மீனவர்கள் நான்கு நாள் தேடினார்கள். கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

படம் திறந்துவிடலாம் என்று தாய்மாமன் பீம்ராவ் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவைக் கூட்டி, துணி மூடிய படத்தை அப்பா கையால் திறந்து, மாலை போட்டு, நாலு பேர் பேசி, ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். கன்னியம்மா ஒவ்வொரு தடவையும் முடியாது என்றாள். போன வாரம், யாரும் எதிர்பாராத நேரத்தில், சரி என்று சொல்லிவிட்டாள். அந்தச் சரியின் நாள் இன்று. நேரம், மாலை ஐந்து.

படம் திறந்தபின் யாரும் தேடமாட்டார்கள். செத்தவனைத் தேடுகிற தெரு எங்கேயும் கிடையாது.

---

கார்குழலி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். 'காயலாங்கடை'. செங்குட்டுவனும் அவன் சிநேகிதன் ஃபர்ஹானும் ஊரடங்குக் காலத்தில் உண்டாக்கிய ஆன்லைன் விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு குப்பைமேட்டில் பழைய சாமான் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் கீழே மூன்று வாக்கியம் வரும். அது என்ன, யாருடையது, ஏன் வீசினார்கள். மூன்றுக்கும் மூன்று பட்டியல். எந்தப் பட்டியலிலிருந்து எது வரும் என்று கம்ப்யூட்டர் குருட்டுவாக்கில் உருவும். ஜனங்கள் அந்த வாக்கியங்களுக்காகவே ஆடினார்கள்.

ஓட்டை பிரஷர் குக்கர். ரிடையர்டு வாத்தியாரோடது. யாரும் கூப்புடாமலே விசில் அடிக்குதுன்னு தூக்கிப் போட்டாங்க.

ஒத்தச் செருப்பு. எலெக்‌ஷன்ல ரெண்டு ஓட்டுல தோத்தவரோடது. தனியா நடந்து போவுதுன்னு தூக்கிப் போட்டாங்க.

"மூணும் பொய்யா இருந்தா சிரிப்பு வராதுக்கா. ஒன்னாவது நெசமா இருக்கணும். மீதி ரெண்டும் தாயம்," என்பான் செங்குட்டுவன். வீட்டுப் பேச்சு, தெருப் பேச்சு, எல்லாவற்றையும் பொறுக்கிப் பட்டியலில் போட்டு வைத்திருந்தான். அவன் போன பிறகும் விளையாட்டு ஓடியது. கன்னியம்மா அதில் மகன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், காலையும் மாலையும்.

"இந்தா பாரு. மறுபடியும் எங் கொடத்த பத்தி சொல்றான்," என்றாள் இப்போது. கண்ணாடியை மூக்கில் இறக்கி, போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"கழண்ட டேபிள் ஃபேன். தாமரைன்னு சொல்லி நண்டு வரைஞ்ச அம்மாவோடது. ஆள் இல்லாத ரூம்ல தலையாட்டுதுன்னு தூக்கிப் போட்டாங்க."

கார்குழலி இதற்கு எப்போதும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அது மிஷினு மா. தாயம் உருட்டற மாதிரி. அவன் எப்பவோ எழுதி வெச்சது, இப்ப வருது. இந்த வாக்கியத்துக்கே அதே பதிலை நாலு தடவை சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் சொல்ல வாய் திறந்தாள்.

குடம் இடுப்பில் இருந்தது. பெருவிரல் நண்டின் மேல் இருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது என்று பதிவு செய்வது அவள் வேலை. ஒன்பது வருடமாகத் தேதிகளோடு வாழ்கிறவள். நிவாரணக் குடம் வந்தது டிசம்பர். நண்டு வரைந்தது டிசம்பர். தம்பி போனது ஆகஸ்ட்.

தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது.

"மா, இத்த எப்போல இருந்து பாக்கற?"

"போன வருசம் பொங்கலுக்கே உங்கிட்ட காட்னேனே. நீ தான் மிஷினு மிஷினுன்ன."

---

ஃபர்ஹான் காலையில் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் எடுத்தான். வண்ணாரப்பேட்டையில் அவன் மாமா சௌக்கத் அலியின் ரெடிமேட் கடை. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே நிற்க இடம் இருக்காது. "மூணு மணிக்கு மேல வாங்கக்கா. மாமா சாப்புடப் போவாரு. மேல ரூம்ல பாக்கலாம்," என்றான்.

அதற்குள் வீட்டுக்கு வியாசர்பாடி, புளியந்தோப்பு உறவுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். தெருவில் சாமியானா ஏறியது. ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வந்தது. நீலத் துணி சுற்றிய படம் நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டது. துணியின் முடிச்சிலிருந்து ஒரு வெள்ளைக் கயிறு தொங்கியது.

மத்தியானம் அப்பா லட்சுமணன் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் குடை. போன கோடையிலிருந்து முட்டி பிசகுகிறது. டாக்டர் குச்சி ஊன்றச் சொன்னார். குச்சி கிழவனுக்கு என்று சொல்லிவிட்டு வெயில் மழை எதுவானாலும் ஒரு கறுப்புக் குடையை ஊன்றி நடக்கிறார்.

"கயித்த எந்தக் கையால இஸுக்கறதுன்னு பீம்ராவ் கேக்கறான்," என்றார் யாரையும் பார்க்காமல். "எனக்கு இன்னா தெரியும்? நான் இதுக்கு முன்னால புள்ள படத்த தெறந்துருக்கனா?"

கன்னியம்மா மகளுக்குச் சோறு போட்டாள். கார்குழலி யோசனையிலேயே வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசினாள். லட்சுமணன் அதைப் பார்த்தார். உடனே தட்டைப் பார்த்துக்கொண்டார்.

சோறு போதும் என்பதற்கு இந்த வீட்டில் மட்டும் அதுதான் சைகை. லட்சுமணன் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிரேனுக்குக் கைகாட்டும் சிக்னல்மேன். மேலே இருக்கும் டிரைவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. சிக்னல்மேன் கைதான் அவருக்குக் கண். ஏற்று, இறக்கு, திருப்பு எல்லாம் சிக்னல்மேன் ஒருவர்தான் காட்டலாம். ஆனால் நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். அதிகாரி காட்டினாலும் சரி, டீ கொண்டு வருகிறவர் காட்டினாலும் சரி, கொக்கி அந்தரத்தில் நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சைகை வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் சோற்றுத் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. செங்குட்டுவன் அதை இடது கையால் காட்டுவான். அவனுக்கு எல்லாமே இடது கை. "சோத்துக்கு முன்னால எடது கைய நீட்டாத, எரும," என்று கன்னியம்மா அவன் கையைத் தட்டிவிடுவாள்.

சொல்லிவிடலாமா என்று கார்குழலி அப்பாவின் குனிந்த தலையைப் பார்த்தாள். தப்பாக இருந்தால்? இவர் அதே பிள்ளையை இரண்டாவது தடவை பறிகொடுக்க வேண்டும்.

கை கழுவிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

---

கடையின் மாடியில் பாதி அறை வரை நைட்டி மூட்டைகள். மீதிப் பாதியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. ஃபர்ஹான் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் எதும் சேக்கலக்கா. அல்லா மேல சத்தியமா. எனக்கு ஜோக்கு எழுத வராது. மூணு பட்டியலும் ஆன்லைன்ல ஒரு ஷீட்ல கீது. அதுல இருந்து கேம் தானா எடுத்துக்கும். செங்குட்டு போனதுல இருந்து நான் அத்த தொறந்ததே இல்ல."

"வேற யாரு தொறக்க முடியும்?"

"ரெண்டே பேரு. நானு, அவன்."

"போலீஸ் அவன் மெயிலெல்லாம் பாத்தாங்களே."

"அவன் மெயில தான் பாத்தாங்க. கேமுக்குன்னு தனியா ஒன்னு வெச்சிருந்தான். அத்த யாரும் கேக்கல." மவுஸை நகர்த்திக்கொண்டே சொன்னான். "எனக்கும் தோணல. குக்கரும் செருப்பும் கீற ஷீட்ட யாருக்கா பாப்பா?"

ஷீட் திறந்தது. நீள நீளமாக வாக்கியங்கள். எந்த வரி எப்போது, யார் கணக்கிலிருந்து சேர்ந்தது என்று அதற்குள்ளேயே பதிவு இருக்கும். ஃபர்ஹான் அதை ஒரு பக்கமாகத் திறந்தான். கார்குழலி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இது அவள் வேலை.

2023 ஆகஸ்ட் பன்னிரண்டுக்குப் பிறகு நான்கு வரிகள் சேர்ந்திருந்தன. நான்கும் இரண்டாவது பட்டியலில், யாருடையது என்ற பட்டியலில். நான்கும் அவன் கணக்கிலிருந்து.

2023 டிசம்பர் 29. தாமரைன்னு சொல்லி நண்டு வரைஞ்ச அம்மாவோடது.

2024 மே 11. குச்சி ஊன மாட்டேன்னு குடைய ஊன்ற பெரியவரோடது.

2024 செப்டம்பர் 8. ரெண்டு கண்ணாடி வெச்சிகினு ரெண்டையும் தேடற அக்காவோடது.

கார்குழலியின் கை தலைக்குப் போனது. படிக்கிற கண்ணாடி அங்கே இருந்தது. இரண்டாவது கண்ணாடி, ஆகஸ்டில் வாங்கியது. போன ஆகஸ்ட்.

நான்காவது வரி நேற்று மத்தியானம், இரண்டு நாற்பதுக்கு.

போட்டோவுக்கு எவன் கோட்டையோ மாட்டி வுட்டவங்களோடது.

"போஸ்டர் எப்போ ஒட்னாங்க?" என்றான் ஃபர்ஹான். குரல் இறங்கியிருந்தது.

"வெள்ளிக்கெழம ராத்திரி."

"எங்கெங்க?"

"எங்க தெருவுல மட்டும்."

கீழே கடையில் யாரோ இரட்டை எக்ஸ்எல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். குடமும் தெருவில்தான் நிற்கும். குடையும் தெருவில்தான் நடக்கும். நான்கில் எதையும் பார்க்க வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. தெருமுனையில் நின்றால் போதும். எத்தனை நாள்? எந்த முனையில்?

"அக்கா, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கணக்கு அவன் சாவி மாதிரி. அவ்ளோதான் எனக்குத் தெரியும். சாவி யார் கையில கீதுன்னு இது சொல்லாது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருந்தால், மற்றவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று வண்ணக் கோடு ஒன்று காட்டும். நான்காவது வரியைச் சுற்றி இப்போது ஒரு பச்சைக் கோடு இருந்தது.

"இத்த நீ போட்டியா?"

"இல்ல."

ஃபர்ஹான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். பச்சைக் கோடு நான்காவது வரியிலிருந்து மூன்றாவதுக்கு ஏறியது. அங்கே சிறிது நேரம் நின்றது. இரண்டாவதுக்குப் போனது. முதலாவதுக்குப் போய், அங்கேயே இருந்தது.

"செங்குட்டு," என்றான் ஃபர்ஹான் திரையைப் பார்த்து, கேட்கும் என்பதுபோல.

கார்குழலி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத்துகளைத் தேடித் தேடி, ஐந்தாவது கட்டத்தில் அடித்தாள்.

அக்கா பாத்துட்டேன்.

பச்சைக் கோடு கீழே இறங்கி அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டது. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் திரும்பியது. எதுவும் எழுதப்படவில்லை. பிறகு கோடு இல்லை.

மணி நான்கு ஐந்து.

---

அம்மா போனை எடுக்கவில்லை. அப்பாவின் போன் அணைந்திருந்தது. மூன்றாவதாக பீம்ராவ் எடுத்தார். பின்னால் கானா பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"மாமா, படத்த தெறக்காதீங்க! நான் வரேன்!"

"இன்னாது? எங்கடி போயிட்ட? பேச வந்த தலைவரு ஆறு மணிக்கு எண்ணூர்ல இன்னொரு படத்தெறப்புக்குப் போவணுமாம். நாலேமுக்காலுக்கே வெச்சிகலாம்ன்றாரு. சட்டுனு வா."

"மாமா, அவன் உயிரோட—"

"ஒன்னியும் கேக்கல. ஊரே உக்காந்துகீது. வா, வா."

ரயிலில் அவள் உட்காரவில்லை. தண்டையார்பேட்டை, டோல்கேட், தேரடி என்று ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை எண்ணினாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. விம்கோ நகரில் இறங்கியபோது நான்கு நாற்பத்தாறு. நெடுஞ்சாலையைக் கடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தெருவின் மேற்கு முனையிலேயே கூட்டம் அடைத்திருந்தது. இருநூறு நாற்காலி. அதற்கும் பின்னால் நிற்கிறவர்கள், இரண்டு ஆட்டோ, டீ டிரம். தெருவின் நடுவில், அவர்கள் வீட்டு வாசலை ஒட்டி மேடை. பீம்ராவ் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். லட்சுமணன் படத்தின் பக்கத்தில் நின்றார். குடை இடது கையில். வெள்ளைக் கயிறு வலது கையில்.

"நைனா!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஸ்பீக்கர் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. யாரோ வழி விட்டார்கள், யாரோ விடவில்லை. துக்கத்தில் ஓடி வருகிறாள் என்று நினைத்து ஓர் அம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இப்போது எங்கள் மாமா லட்சுமணன், அன்பு மகனின் திருவுருவப் படத்தை..."

லட்சுமணனின் முழங்கை மடங்கியது.

கார்குழலி அந்த அம்மாளின் பிடியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவினாள். தலைகளுக்கு மேலே தூக்கினாள். நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, பக்கவாட்டில் வீசினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

மேடையில் கயிறு நின்றது.

இழுபட்ட அளவில் அப்படியே நின்றது. விறைத்த கயிறு, பாதி நழுவிய முடிச்சு. முப்பத்துநாலு வருடத்துப் பழக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. "மாமா, இஸுங்க," என்று பீம்ராவ் மைக்கை மறந்து சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. "இன்னும் கொஞ்சம் தான். இஸுங்க மாமா."

லட்சுமணன் இழுக்கவில்லை. கயிற்றை மெதுவாகத் தளர்த்தி, பாதியில் நின்ற சுமையை மறுபடி தரையில் வைப்பதுபோல, படத்தின் மேலேயே வைத்தார்.

"நிறுத்துன்னு கை காட்டிகீது," என்றார். "இன்னான்னு கேட்டுட்டுத் தான் மீதி."

---

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கார்குழலி எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு தேதிகளையும் சொன்னாள். பச்சைக் கோட்டைச் சொன்னாள். பீம்ராவ் இரண்டு தடவை "ஃபர்ஹான் புள்ள விளையாடுது" என்று ஆரம்பித்து, குடையைப் பற்றிய வரியைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

கன்னியம்மா அழவில்லை.

"ஒரு வருசமா சொல்லிகினு கீறேன். ஒருத்தரும் காது குடுக்கல," என்றாள். "அதான் போன வாரம் சரின்னேன். போஸ்டர் ஒட்னா அவன் பாப்பான் இல்ல? தன் சாவுக்கு வராம இருப்பானா?"

"அடிப்பாவி. இதுக்கா ஊர கூட்ட வெச்ச?" என்றார் பீம்ராவ்.

"நீ தான் கூட்டிகினே இருந்த. நான் வேணாம்ன்றத நிறுத்துனேன், அவ்ளோதான்."

லட்சுமணன் கட்டிலில் உட்கார்ந்து குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேள நைனா, நீ என் கையப் பாத்த," என்றாள் கார்குழலி. "அந்தக் கூட்டத்துல பாப்பியோ மாட்டியோன்னு..."

"நீ காட்னியா?"

"நான் தான் நைனா. ரோட்டுப் பக்கம் இருந்து. நீ பாத்து தான நிறுத்துன?"

அவர் நிமிர்ந்தார். "நான் ரோட்டுப் பக்கமே திரும்பல, கொயலி. மேக்கு வெயிலு கண்ணக் கூசுதுன்னு கடல் பக்கமா பாத்துகினு இருந்தேன். நீ அங்க இருந்து தான் காட்றன்னு நெனச்சேன்."

"கடல் பக்கம் யாரு?"

"ஆள் தெரியல. சனத்துக்கு மேல கை தான் தெரிஞ்சுது."

"எப்படி காட்னாங்க?"

லட்சுமணன் குடையை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்தார். பக்கவாட்டில் வீசினார்.

இடது கை.

கன்னியம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். செருப்புப் போடவில்லை. மற்றவர்கள் பின்னால் போனார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். கிழக்கு முனையில் வெளிச்சம் இன்னும் இருந்தது. கருங்கல் குவியலில் ஒரு நாய் படுத்திருந்தது. அந்தப் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாலமனைக் கேட்டார்கள். பின்னால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், யாரையும் தனியாகக் கவனிக்கவில்லை என்றார்.

அன்று படம் திறக்கப்படவில்லை. தலைவர் ஐந்தே காலுக்கு எண்ணூர் கிளம்பிப் போனார்.

சுவரில் காலையில் மூன்று சுவரொட்டிகள் இருந்தன. இப்போது இரண்டு இருந்தன.